தோட்ட எல்லையில் நிற்கும் திட்டம்: பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் கண்டிப் பெருந்தோட்டங்களும்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதோடு, தோட்ட மக்கள் உள்ளூராட்சிச் சேவைகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த நிலை நீங்கிவிட்டது என்பதே மலையக அபிவிருத்தி ஆய்வுகளில் இன்று மேலோங்கியுள்ள வாசிப்பு. இனி வேண்டியது நிதியும் மக்கள் பங்கேற்பும் மட்டுமே என்று அவ்வாய்வுகள் முடிக்கின்றன. கண்டி மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு அவசரப்பட்டது.

திருத்தம் தோட்டங்களில் வீதி, கிணறு முதலிய பொது வசதிகளைச் செய்யப் பிரதேச சபைக்கு வழிவிட்டது. ஆனால் தோட்ட முகாமையாளரைக் கலந்தாலோசித்தே செய்யவேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. முன்னைய ஆய்வாளர்கள் இதை ஒரு சம்பிரதாயமாகவே எடுத்துக்கொண்டனர். என் வாசிப்பில் பிரிவின் மையமே இதுதான். முகாமையாளர் எத்தனை நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், இணங்காவிட்டால் சபை யாரிடம் போவது என்பவற்றுக்கு அங்கே தெளிவான விடை இல்லை.

ஒரு குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊற்று தேயிலை மலைக்கு மேலே. குழாய் தேயிலை நிரைகளை ஊடறுத்து வரவேண்டும். தொட்டி கட்டும் இடம் தோட்டக் காணி. குழாய் முடியும் லயமும் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பும்) தோட்டத்துக்கே உரியது. கீழே கிராமத்தில் நீர்ச்சங்கம் கூடித் தீர்மானித்துவிடக்கூடியதை, லயத்து மக்கள் எவ்வளவு ஒற்றுமையாகத் தீர்மானித்தாலும் தொடக்கிவிட முடியாது. தபால்கூடப் பல தோட்டங்களில் தோட்டக் காரியாலயம் வழியாகவே வீடு சேர்கிறது. அந்த நிலையில் 'கலந்தாலோசனை' இரு சமமான தரப்புகளின் உரையாடலாக அமையாது.

கண்டியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 1992இல் அரச தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் போனபோது, இம்மாவட்டத் தோட்டங்கள் பல ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய அரச நிறுவனங்களின் கையிலேயே தங்கின. அத்தகைய தோட்டத்தின் முகாமையாளரைப் பிரதேச சபை கலந்தாலோசித்தாலும் காணி பற்றிய முடிவு அவர் கையில் இல்லை. அது தலைமையகத்துக்கும் அமைச்சுக்கும் ஏறிப்போகும். நுவரெலியாவின் கம்பனித் தோட்டங்களை மனதில் வைத்து வரைந்த திட்ட மாதிரிகள் கண்டி மாவட்டத்தின் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். சட்டவாசகத்தையும் நிர்வாக அமைப்பையும் கொண்டே இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இது பொருந்தும் என்று வாதிடவில்லை.

நல்ல முகாமையாளர் இருந்தால் வேலை நடக்கும் என்பர். நடக்கும், அவர் மாற்றலாகிப் போகும்வரை. வீட்டுக் காணிக்கு உறுதி கிடைத்தால் எல்லாம் தீரும் என்ற வாதமும் உண்டு. உறுதி வேண்டியதே, ஆனால் வீட்டுக் காணியின் உறுதி ஊற்றுக்கும் வழிக்கும் உரிமை தருவதில்லை. அதே 2018இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும், காணியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் இணக்கமின்றித் தனித்து இயங்கிவிடக்கூடியதாக அமையவில்லை.

எனவே திட்ட வடிவமைப்பின் வரிசை மாறவேண்டும். தேவை மதிப்பீட்டுக்கும் பங்கேற்புப் பட்டறைக்கும் முன்பாகவே காணி இணக்கம் எழுத்தில், திகதியோடு, முகாமையாளரிடமிருந்தும் அவருக்கு மேலுள்ள நிறுவனத்திடமிருந்தும் பெறப்படவேண்டும். அந்த ஆவணத்தில் லயத்துக் குடியிருப்பாளர் சங்கமும் ஒரு தரப்பாகக் கையொப்பமிட வேண்டும். பதில் வராத தோட்டங்களின் பெயர்கள் சபைக் கூட்ட அறிக்கையில் பதிவாக வேண்டும்.