பகல்விளக்கும் பாவாடையும்

சத்தியமங்கலம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை நடந்து வர, வெளுத்த வேட்டியை மண்ணில் விரிப்பார்கள். மாத்து விரிக்கறது என்போம். நடைபாவாடை என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. பாவாடை என்றால் பெண்பிள்ளைகள் உடுத்துவது என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு, காலடியில் பாவுகிற ஆடையும் பாவாடைதான் என்று சொல்லிக்கொடுத்தவர் என் அப்பத்தா. அதே சொல்லைப் பின்னாளில் கொச்சி யூதர்களின் செப்பேட்டு வாசகத்தில் படித்தபோது, அப்பத்தாவின் குரல்தான் காதில் விழுந்தது.

கி.பி. 1000ஐ ஒட்டிய காலம். முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஈசுப்பு இறப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் கொடுத்தான். ஜோசப் ரப்பான் என்ற பெயரைத்தான் எழுதியவர் தன் நாக்குக்கு ஏற்ப ஈசுப்பு என்று வளைத்துக்கொண்டார். அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர்களின் குழு. ராமநாதபுரம் கடற்கரையில் தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறது. உரிமைகளில் சில: பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். வெயிலில் விளக்கு எதற்கு? வெளிச்சத்துக்கு அல்ல, மரியாதைக்கு. கடல் தாண்டி வந்தவருக்கு, இந்த மண்ணில் பெரியவர்களுக்கு எதையெல்லாம் செய்வார்களோ அதையெல்லாம் செய்திருக்கிறார்கள்.

இரண்டு செப்புத் தகடுகள், மூன்று பக்கம், 28 வரிகள். எழுத்து வட்டெழுத்து, நடுவே கொஞ்சம் கிரந்தம். ஈரோட்டுக்குத் தெற்கே அறச்சலூர் மலையில் இருக்கும் இசைக் கல்வெட்டு, தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருண்டு வரத் தொடங்கிய நிலையைக் காட்டுவது. அந்த உருட்டு முற்றிய கையெழுத்தில்தான் ஒரு யூதரின் உரிமை பொறிக்கப்பட்டிருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் நெடும்புறையூர் நாட்டுக் கோதை இரவி. நெடும்புறையூர் நாடு என்பது பாலக்காட்டுப் பக்கம். கணவாய்க்கு அந்தப்புறம் நம் பக்கத்து வீடு.

கொடை ஈசுப்போடு முடியவில்லை. ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள், பெண்மக்களைக் கட்டிய மருமக்கள் என்று வழி வழியாக, உலகும் சந்திரனும் உள்ள காலம்வரை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கொடுங்கல்லூர் அவ்வளவு நாள் நிலைக்கவில்லை. 1341இல் பெரியாற்று வெள்ளம் துறைமுகத்தைத் தூர்த்தது. வணிகம் கொச்சிக்கு நகர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் சண்டைகளில் மிச்சமிருந்த யூதர்களும் ஊரை விட்டார்கள். கொச்சி ராஜா தன் அரண்மனைக் கோயிலை ஒட்டியே இடம் கொடுக்க, 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம் எழுந்தது. பரதேசி என்றால் இங்கே வேற்று நாட்டவர். 1662இல் போர்த்துகீசியர் அதற்குத் தீ வைத்தார்கள். டச்சுக்காரர் வந்தபின் எடுத்துக் கட்டினார்கள். ஏடுகள் ஓர் இரும்புப் பெட்டியில் அங்கேதான் இருந்துவருகின்றன. முன்பிருந்தே இங்கு வாழ்ந்து, அதே ஏட்டை முன்னோர் சொத்தாகச் சொல்லிக்கொண்ட மலபாரி யூதர்களைப் பரதேசிகள் சமமாக நடத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1806வாக்கில் வந்த கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் நகல் எடுத்துக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். ஏடு 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது யூதர்களின் நம்பிக்கை. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் 1890களில் எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார். எழுத்தின் வடிவமும் அரசனின் காலமும் அதைப் பிற்காலத்துக்கு இழுத்துவிட்டன. சில நூற்றாண்டுகள் குறைந்ததால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

1948இல் இஸ்ரேல் உருவானதும் கேரள யூதர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். சந்திரன் இருக்கிறது, மருமக்களின் மருமக்கள் ஊரில் இல்லை. 1968இல் ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார். அந்த ஆண்டில் எஸ். எஸ். கிருஷ்ணா கேரள யூதர் கதையைப் பத்து ஓவியங்களாக வரைந்தார். அவை ஆலயத்தை ஒட்டிய அறையில் மாட்டப்பட்டிருக்கின்றன. சத்தியிலிருந்து கோவைக்கு பஸ், அங்கிருந்து ரயிலில் கணவாய் வழியே எறணாகுளம் என்று போய் அவற்றைப் பார்த்தேன். ஒன்றில் மன்னன் ரப்பானிடம் ஏட்டைக் கொடுக்கிறான். பெட்டிக்குள் இருக்கும் தகட்டைப் பார்க்க முடியாத எனக்கு அந்த ஓவியமே ஏடாக இருந்தது. கூட்டம் நகரும்வரை அதன் முன்னால் நின்றேன்.

2017 ஜூலையில் பிரதமர் மோடி இஸ்ரேல் பிரதமருக்கு இந்த ஏட்டின் நகலைப் பரிசளித்தார். செம்பு போன திசையிலிருந்து ஆட்களும் திரும்பி வந்தார்கள். 2018இல் மட்டாஞ்சேரியில் 'சிவப்புக் கிரீடம், பச்சைக் கிளி' என்ற கண்காட்சி நடந்தது. மலபார் யூத வேர்கொண்ட இஸ்ரேலிய ஓவியர் மெய்தாத் எலியாஹுவும், ஹீப்ரு எழுத்தோவியம் கற்ற கொச்சி முஸ்லிம் இளைஞர் தௌஃபீக் சக்கரியாவும் சேர்ந்து வைத்தது. பிரிந்துபோன பாட்டிமார் மலையாளத்தில் பாடிய பாட்டுகளிலிருந்து எடுத்த தலைப்பு அது. யூதர்களின் உரிமையை அன்று வட்டெழுத்தில் ஒருவர் பொறித்தார். அவர்களுடைய எழுத்தை இன்று, அதே கடற்கரையைச் சேர்ந்த வேறொருவர் மசி தொட்டு எழுதுகிறார்.