கினபாலு மலையில் பனிக்கட்டி செய்த வேலை என்ன?

சபாவின் கினபாலு மலை உச்சிக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. அங்கே கருங்கல் பாறை வழுவழுப்பாக விரிந்து கிடக்கும். சில இடங்களில் அதன்மேல் நீளமான கீறல்களும் தெரியும்.

கீறியது யார்? பனிக்கட்டிதான்!

வெப்பமண்டலத்தில் பனிக்கட்டியா?

ஆமாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது. கடல்மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. போர்னியோவும் மலாயாத் தீபகற்பமும் நிலத்தால் இணைந்திருந்தன. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவின் உச்சியைப் பனிக்கட்டி மூடியிருந்தது.

குளிரில் பாறைக்கு என்ன ஆகும்?

பனிக்கட்டி சும்மா கிடப்பதில்லை. தன் எடையால் மெதுவாகச் சரிவில் நகரும். அடியில் சிக்கிய கற்கள் சேண்ட்பேப்பர் போலப் பாறையைத் தேய்க்கும்.

பாறை வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீரும் உறையும். உறைந்தால் அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடும். ஃபிரீசரில் வைத்த கண்ணாடிப் போத்தல் வெடிக்குமே, அதே கதைதான். பாறை துண்டு துண்டாக உடையும்.

சூடானால்?

பனி உருகும். அது தாங்கிப் பிடித்திருந்த செங்குத்தான பாறைச் சுவர்கள் பிடிமானம் இழக்கும். உடைந்து கிடக்கும் கற்களை உருகிய நீரும் மழையும் கீழே இழுத்து வரும்.

அதாவது குளிர்காலம் கற்களை உடைத்துத் தயார் செய்கிறது. சூடான, ஈரமான காலம் அவற்றை இடம் மாற்றுகிறது. பனியுகத்தில் இப்படிக் குளிரும் சூடும் மாறி மாறி வந்தன.

அந்தக் கற்கள் எங்கே போயின?

மலையின் தெற்குப் பக்கம், குண்டாசாங் வட்டாரத்தில் பெரிய பாறைகளும் களிமண்ணும் கலந்த அடுக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் பினோசுக் சரளை. பனிக்கட்டியும் சேற்றுப்பெருக்கும் சேர்த்த படிவு அது என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

அந்தப் படிவின்மேல்தான் இன்று வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் இருக்கின்றன. அது கெட்டியான பாறை இல்லை. தண்ணீர் ஊறினால் நழுவும். குண்டாசாங்கில் நிலம் நகர்வது புதிய செய்தி அல்ல.

2015 ஜூன் 5ஆம் தேதி கினபாலுவை நிலநடுக்கம் உலுக்கியது. பாறைகள் சரிந்தன. சிங்கப்பூர் மாணவர்கள், ஆசிரியர்கள் உட்பட 18 பேர் மாண்டனர். நிலநடுக்கத்துக்குக் காரணம் பருவநிலை அல்ல. ஆனால் அதில் விழுந்த கற்களை, பிறகு பெய்த மழை சேற்றோடு ஆறுகளில் அடித்து வந்தது. கல்லை உடைப்பது ஒன்று, கொண்டுபோவது வேறொன்று!

இனி எப்படி?

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், அது சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு அதிகம். உச்சியில் இருந்த பனி போய்விட்டது. அந்தக் காலத்துக் கற்கள் இன்னும் சரிவில் இருக்கின்றன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்க அந்தப் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும்.