விபத்து என்னும் விதிவிலக்கு: சிவகாசிப் பட்டாசு ஆலைகளும் குற்றப் பொறுப்பும்

ஒரு செயல் தீங்கு விளைவித்திருந்தாலும் அதைச் செய்தவரைக் குற்றவாளியாகக் கொள்ள முடியாத சூழ்நிலைகள் உண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 1860 இவற்றைப் பொது விதிவிலக்குகள் என 76 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தொகுத்தது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 14 முதல் 44 வரையுள்ள பிரிவுகள். குழந்தைமை, மனநலப் பிறழ்வு, தற்காப்பு எனப் பல இதில் அடங்கும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை வெடித்து உயிர்கள் போகும்போது உரிமையாளர் தரப்பு நாடக்கூடிய விதிவிலக்கு பெரும்பாலும் ஒன்றே: பழைய 80ஆம் பிரிவு, இன்றைய 18ஆம் பிரிவு. ஆனால் இந்த ஆலைகளில் உரிமதாரரை உண்மையில் காப்பாற்றுவது இந்தப் பிரிவு அன்று.

18ஆம் பிரிவின் நிபந்தனைகள் கடுமையானவை. செயல் சட்டபூர்வமானதாக இருக்க வேண்டும். சட்டபூர்வமான முறையில், சட்டபூர்வமான வழியில், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். குற்ற நோக்கமோ அறிவோ இருக்கக் கூடாது. கோடரியால் வேலை செய்பவரின் கையிலிருந்து அதன் தலை கழன்று பறந்து அருகில் நின்றவரைக் கொல்வதைச் சட்டமே எடுத்துக்காட்டாகத் தருகிறது. அவர் எச்சரிக்கையில் குறை வைக்கவில்லை என்றால் குற்றமில்லை.

இதை மருந்துக் கலவை அறையில் பொருத்திப் பார்க்க வேண்டும். அலுமினியப் பொடியும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் சேரும் கலவை, உராய்வையும் ஈரத்தையும் தாங்காது. அதனால்தான் ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், இரும்புக் கருவி கூடாது, கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் உள்ளன. நான்கு பேருக்கான அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து மருந்து செலுத்தும்போதும், மரத்தடியில் பட்டாசு உருவாகும்போதும் செயலின் முறை சட்டபூர்வமானதாக இல்லை. விதிவிலக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது. ‘உராய்வினால் வெடித்தது’ என்று நாளிதழ்கள் வழக்கமாக எழுதும் வரி வேதியியல் காரணத்தைச் சொல்கிறது. ஓர் உராய்வு இத்தனை பேரைக் கொல்லும் நிலையை யார் உண்டாக்கினார் என்பதே சட்டத்தின் கேள்வி.

தொழிலாளர் ஆபத்தை அறிந்தே வந்தார் என்ற வாதமும் நிற்காது. சம்மதம் பற்றிய 25ஆம் பிரிவு, மரணமோ கொடுங்காயமோ விளையலாம் என்று அறிந்து செய்யும் செயலுக்குப் பொருந்தாது. தீங்கு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் குற்றமாகவே உள்ள செயலுக்குச் சம்மதம் விலக்களிக்காது என்கிறது 29ஆம் பிரிவு. உரிம நிபந்தனையை மீறிய உற்பத்தியோ வெடிபொருள் சட்டம் 1884இன் கீழ் தனிக் குற்றம். மறுபுறம், மேலிடம் சொன்னபடி மருந்தைக் கூட்டிக் கொடுத்த போர்மேனுக்கும் அச்சுறுத்தல் பற்றிய 32ஆம் பிரிவு உதவாது. உடனடி மரணம் பற்றிய அச்சத்தையே அது ஏற்கிறது. வேலை போய்விடும் என்ற அச்சத்தை ஏற்பதில்லை. தொழிலாளரிடம் சட்டம் காட்டும் கண்டிப்பு இது. அதே கண்டிப்பு உரிமதாரர் வரை எட்டுவதில்லை என்பதுதான் வேதனை.

எட்டாமல் தடுப்பது, விதிவிலக்குகளுக்கு வெளியே உள்ள நேரடிக் காரணம் என்னும் கோட்பாடு. குர்பான் உசேன் ரங்வாலா வழக்கில் (1965), பம்பாய் பெயின்ட் ஆலைத் தீயில் ஏழு தொழிலாளர் இறந்தனர். குளிர்முறைக்கு உரிமம் பெற்ற இடத்தில் அடுப்பேற்றிச் சூடாக்கியது தெளிவாக இருந்தும், மரணத்துக்கு நேரடிக் காரணம் இன்னொருவரின் அவசரச் செயல் என்று உச்ச நீதிமன்றம் கருதியது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான பழைய 304அ பிரிவுத் தண்டனை நீங்கியது. நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்ட குற்றம் மட்டும் நின்றது. சிவகாசியின் உள்குத்தகை முறை இந்தத் தர்க்கத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் வேறு சிலர் கையில், மருந்து இன்னொருவர் கையில். கடைசியாக மருந்தைத் தொட்டவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நேர்ந்தவை போன்ற பெருவெடிப்புகளில் கடைசிக் கையைத் தேடுவது பொருளற்றது. அறைகளைப் பிரித்து வாடகைக்கு விட்டதும் அளவுக்கு மீறி மருந்தைச் சேர்த்ததும்தான் ஒரு பொறியைப் பலர் சாவாக மாற்றுகின்றன. நேரடிக் காரணம் என்பதை அங்கேதான் காண வேண்டும்.

போபால் நச்சுவாயு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கவனக்குறைவு மரணமாகக் குறைத்தபோது அதன் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. இன்றைய 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு. தண்டனை கூடியிருக்கிறது, காரணத் தொடர்பை மெய்ப்பிக்கும் சிக்கல் அப்படியே இருக்கிறது.

அதற்குச் சாட்சியச் சட்டத்தில் வழி உண்டு. விதிவிலக்கைக் கோருபவரே அதை நிறுவ வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 108ஆம் பிரிவு. ஒருவர் மட்டுமே சிறப்பாக அறிந்த செய்தியை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது 109. அரசுத் தரப்பின் முதற்கடமையை இது நீக்காது என்று சம்பு நாத் மெஹ்ரா வழக்கு (1956) தெளிவாக்கியுள்ளது. ஆகவே உரிமம், ஆலை வரைபடம், வெடித்த அறையின் இருப்பிடம், அங்கே இருந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். அதன்பின், வாய்மொழியாக முடிந்த உள்குத்தகை யாருக்கு, என்ன நிபந்தனையில் தரப்பட்டது என்பதை விளக்கும் பொறுப்பை உரிமதாரர் மேல் வைப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை.