மீன் விற்ற குடியரசு

1699ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஹோல்ம்பாஸ்டுர் குட்முண்ட்சன் என்னும் ஏழைக் குடியானவர் கசையடி பெற்றார். அவர் செய்த குற்றம், ஹாப்னார்பியோர்டுர் வணிகரிடம் விற்க வேண்டிய சில மீன்களைக் கெப்லாவிக்கில் விற்றது. ஹால்டோர் லாக்ஸ்னெஸின் 'ஐஸ்லாந்தின் மணி' நாவலைப் படித்தோர் இப்பெயரை அங்கே சந்தித்திருப்பர், கற்பனையென்று கடந்துமிருப்பர்.

1602 முதல் 1787 வரை ஐஸ்லாந்தின் வெளிவணிகம் முழுவதும் டென்மார்க் மன்னரின் உரிமம் பெற்ற வணிகர் கையில் இருந்தது. எந்தக் குடியானவன் எந்தத் துறையில் விற்பது என்பதுகூட வரையறுக்கப்பட்டிருந்தது. 930இல் தோன்றிய அல்திங் என்னும் மன்றம் அக்காலத்தும் கூடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தன் மீனுக்கு விலை சொல்ல இயலாத மக்களின் மன்றம் பெயரளவில் நின்று, 1800இல் கலைக்கப்பட்டது. 1845இல் மீண்டது, 1944இல் குடியரசும் மலர்ந்தது.

நாம் வியந்து நோக்குவது அதன் பின்னர் நடந்தவற்றையே. குடியரசு தோன்றிய நாள்தொட்டு அல்திங்கில் எந்தக் கட்சியும் தனிப்பெரும்பான்மை பெற்றதில்லை. பெரும்பாலும் கூட்டணி ஆட்சியே. போதாக்குறைக்கு, மீன்பிடி ஊர்கள் நிறைந்த தொகுதிகளின் வாக்குக்குத் தலைநகர் வாக்கினும் எடை மிகுதி. இவ்வமைப்பைப் பலவீனம் என்பாருளர். அதுவே வெளியுறவில் அந்நாட்டின் வலிமையாயிற்று என்பது எம் கருத்து.

1952இல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை நான்கு கடல் மைலாக்கியது. பிரித்தானிய இழுவைக் கப்பல் உரிமையாளர்கள் தம் துறைமுகங்களில் ஐஸ்லாந்து மீனை இறக்கவிடாது தடுத்தனர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரே கொண்ட நாடு. முதன்மைச் சந்தையோ மூடிவிட்டது. அடுத்த ஆண்டே சோவியத் ஒன்றியம் அம்மீனை வாங்கிக்கொண்டு எண்ணெய் தந்தது. நேட்டோவின் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றான நாடு மாஸ்கோவின் எண்ணெயில் இயங்கியது! அதே கெப்லாவிக்கில் 1951 உடன்படிக்கைப்படி அமெரிக்கப் படையும் நிலைகொண்டிருந்தது. 1956இல் அல்திங் அப்படை வெளியேற வேண்டுமெனத் தீர்மானித்தது. ஹங்கேரி நிகழ்வுகளுக்குப்பின் அதனைக் கைவிட்டது. பிரித்தானியத் தடையும் அவ்வாண்டே நீங்கிற்று.

எல்லை 1958இல் 12, 1972இல் 50, 1975இல் 200 கடல் மைலென விரிந்தது. இராணுவமே இல்லாத நாட்டின் கடற்காவல் கப்பல்கள் பிரித்தானிய வலைகளின் வடங்களை அறுத்தன. 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரித்தானியாவுடன் தூதரக உறவையே முறித்தது. அன்று ஆட்சிக்குத் தலைமை தாங்கியது மேற்குலக நட்பை உயிராகக் கருதிய சுதந்திரக் கட்சி என்பது ஈண்டு நோக்கத்தக்கது. விட்டுக்கொடுக்க விரும்பும் தலைவரிடமும் அதற்கான பெரும்பான்மை இராது. இதனை இலண்டன் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. ஜூனில் ஓஸ்லோவில் உடன்பாடு எட்டியபோது 200 மைல் எல்லை நிலைத்தது. ஹல், கிரிம்ஸ்பி நகர மீனவர் பிழைப்பிழந்ததையும் நாம் மறத்தலாகாது, அவர்களும் ஏழைகளே.

1994இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்த ஐஸ்லாந்து, 2008 வங்கி வீழ்ச்சிக்குப்பின் 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது. பேச்சு தொடங்கிப் பல அத்தியாயங்கள் முடிந்தன. மீன்வளம் பற்றிய அத்தியாயம் திறக்கப்படவேயில்லை. 2015இல் தன்னை இனி வேட்பாளர் நாடாகக் கருத வேண்டாமென்று அரசு கடிதம் எழுதிவிட்டது.