குழலைத் தின்ற நெருப்பும் உப்பும்

போர்களின் வரலாற்றை எழுதியோர் படைத்தலைவர்களையும் போர்க்களங்களையும் பற்றியே பெரிதும் எழுதினர். சாதாரணப் போர்வீரன் தோளிற் சுமந்த துப்பாக்கியின் குழல் எதனால் தேய்ந்தது, எதனால் துருப்பிடித்தது என்பதை ஆராய்ந்து எழுதியோர் சிலரே. ஆயினும் இச்சிறு வினாவுக்குச் சரியான விடை காண்பதற்கு மேனாட்டறிஞர்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. விடை தெரியாதிருந்த அக்காலத்திலே, குழல் கெட்டால் அது சிப்பாயின் சோம்பலால் வந்த கேடு என்று கொள்வது எளிதாயிருந்தது.

முதலில் றைபிள் என்னும் துப்பாக்கியின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. றைபிளின் குழலிலோ, திருகாணியின் புரி போலச் சுற்றிச் செல்லும் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அத்தவாளிப்புகளைப் பற்றிக்கொண்டு சுழன்று செல்கின்றது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பது போல, சுழலும் குண்டும் தள்ளாடாது நேரே செல்லும். தவாளிப்புகள் தேய்ந்துவிட்டால் சுழற்சி குன்றும். சுழற்சி குன்றினால் குறி தவறும். ஆகவே றைபிளின் உயிர் அதன் குழலிலேயே இருக்கின்றது எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை துப்பாக்கிகளிற் பயன்பட்டது வெடியுப்பு, கந்தகம், கரி என்பன சேர்ந்த கறுப்பு வெடிமருந்தாகும். இது எரிந்தபின் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மமாகவே எஞ்சும். சிறிது நேரம் சுட்டாலும் குழல் முழுதும் கசடு படிந்துவிடும். அக்காலத்துத் துப்பாக்கியின் பகைவன் இக்கசடேயாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் எல்லிஸ் மெற்போட் என்னும் பொறியியலாளர் இப்பகையை வெல்ல ஒரு வழி கண்டார். தவாளிப்புகளை ஆழமின்றியும், விளிம்புகளை வளைவாகவும் அவர் அமைத்தார். மூலை முடுக்குகள் இல்லாமையாற் கசடு தங்க இடமில்லை, துடைப்பதும் எளிது. 1888ஆம் ஆண்டிலே பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட றைபிளில், ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் பொறியமைப்பும் மெற்போட்டின் குழலும் ஒன்றுசேர்ந்தன. அதனால் அது லீ-மெற்போட் எனப் பெயர் பெற்றது.

கசட்டை வெல்லும் பொருட்டு அமைந்த இக்குழல் படைக்கு வந்த வேளையிலே, கசடு என்னும் பகைவன் களத்தைவிட்டு நீங்கிக்கொண்டிருந்தான். 1884ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவரான போல் வியேய் புகையற்ற வெடிமருந்தைக் கண்டறிந்தார். அவரைத் தொடர்ந்து, 1889ஆம் ஆண்டிலே பிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டியூவார் என்னும் இருவரும் இங்கிலாந்திலே கோடைற்று என்ற மருந்தை ஆக்கினர். நைத்திரோகிளிசரின் 58 சதவீதம், வெடிப்பஞ்சு 37 சதவீதம், வாசிலின் 5 சதவீதம் என்பது அதன் கலவை. புகை இல்லை, கசடும் மிகக் குறைவு, வலிமையோ பெரிது. படையினர் மகிழ்ந்தனர். ஆனாற் சில ஆயிரம் குண்டுகள் சுட்டபின் மெற்போட்டின் ஆழமற்ற தவாளிப்புகள் கரைந்து மறையத் தொடங்கின.

கரைத்தது குண்டின் உராய்வு மட்டுமன்று. வெடிமருந்து எரியும்போது எழும் வாயுவின் வெப்பம் 2,500 பாகை சதமத்துக்கு மேற்பட்டது. உருக்கு உருகுவதற்கோ ஏறக்குறைய 1,500 பாகை போதும். அவ்வெப்பம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவே நிலைப்பதாற் குழல் உருகிவிடுவதில்லை. எனினும் உட்புறத்து மெல்லிய தோல் ஒவ்வொரு முறையும் சூடேறி, உடனே குளிர்ந்து, இறுகிப் பின் வெடிக்கின்றது. கோடையில் வற்றிய குளத்தின் தரை பாளம் பாளமாக வெடிப்பது போன்ற வெடிப்புகள் உருக்கிலும் தோன்றுகின்றன. பின்வரும் வாயு அவ்வெடிப்புகளின் ஓரங்களை அரித்துச் செல்லும். குண்டு தவாளிப்பிற் புகும் தொண்டைப் பகுதியிலேயே இவ்வரிப்பு மிகுதியாகும். 5,000 முறை சுட்ட குழலொன்று உண்மையில் நெருப்பைத் தாங்கிய நேரம் முழுவதையும் கூட்டினாற் பத்துச் செக்கன் அளவும் தேறாது. ஒரு குழலின் ஆயுள் அவ்வளவே!

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து இரு வகையில் வந்தது. என்பீல்ட் நகரத்து அரசாங்கத் தொழிற்சாலையில், ஆழமும் நேரிய விளிம்பும் உடைய ஐந்து தவாளிப்புகள் கொண்ட குழல் உருவாயிற்று. 1895ஆம் ஆண்டிலே படைக்கு வந்த லீ-என்பீல்ட் இதுவே. இதன் வழிவந்த துப்பாக்கிகளே இரு உலகப் போர்களிலும் பிரித்தானியப் படையினரின் கையில் இருந்தன. தென்னாபிரிக்கப் போரிலே பீரங்கிகளும் விரைவில் அரிக்கப்படுவது கண்டு, 1901ஆம் ஆண்டில் மருந்தின் கலவையும் மாற்றப்பட்டது. நைத்திரோகிளிசரின் 58 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்தது. நெருப்பின் கடுமையும் தணிந்தது. அவ்வாறு தணிக்க மறுத்தால் நேர்வது யாது என்பதற்கு 1918ஆம் ஆண்டிலே ஜேர்மானியர் பாரிசு நகரைச் சுட்ட பெரும் பீரங்கி சான்றாகும். ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரம் எறிந்த அதன் குழல், ஒவ்வொரு முறை சுடும்போதும் அகன்று சென்றது. ஆகவே அதன் குண்டுகள் இலக்கமிடப்பட்டு, ஒன்றைவிட மற்றொன்று சிறிது பருமனாக வார்க்கப்பட்டன. அறுபது குண்டுகள் அளவிலே அக்குழலைக் கழற்றி மீண்டும் துளைக்க வேண்டியதாயிற்று.

நெருப்பின் கதை இதுவாக, துருவின் கதை வேறு. கறுப்பு வெடிமருந்துக் காலத்திலே, கசடு கண்ணுக்குத் தெரிந்தமையால், வீரர்கள் நாள்தோறும் குழலை நீர்விட்டுக் கழுவினர். புகையற்ற மருந்து வந்தபின் குழல் பளபளப்பாகவே தோன்றியது. எண்ணெய்த் துணியால் துடைத்தாற் போதும் எனப் பலர் எண்ணினர். ஆனால் மாலையில் துடைத்து எண்ணெயிட்டு வைத்த குழல், சில நாட்களில் உட்புறம் செந்துருவேறிக் கிடந்தது. உருக்கின் நுண்டுளைகளிலே புகுந்த வாயு அமிலமாகிப் பின்னர் வியர்க்கின்றது என்று சிலர் விளக்கம் கூறினர். அவ்விளக்கம் பிழையென்று பிற்காலத்திலே தெரிந்தது.

உண்மையை வெளிப்படுத்தியவர் அமெரிக்க அரசாங்கத்தின் சுரங்கத் திணைக்களத்தில் ஆராய்ச்சி செய்த ஹஃப் என்னும் இரசாயன அறிஞர். 1922ஆம் ஆண்டிலே அவருடைய ஆய்வு வெளிவந்தது. தோட்டாவின் அடியிலே, ஊசி மோதியதும் தீப்பொறி எழுப்பும் சிறு மூடியொன்று உண்டு. தீக்குச்சியின் தலையிற் சேரும் பொற்றாசியங் குளோரேற்றே அம்மூடியின் மருந்திலும் சேர்ந்திருந்தது. அது எரிந்தபின் எஞ்சுவது பொற்றாசியங் குளோரைட்டு; நாம் உண்ணும் உப்புக்கு நெருங்கிய உறவு. அது காற்றின் ஈரத்தை ஈர்த்து உருக்கைத் துருவாக்கியது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். ஆதலின், எண்ணெய் பூசிய வீரன் தன் கையாலேயே உப்பை மூடிவைத்துக் காத்தவனானான். கறுப்பு மருந்துக் காலத்து நீர் கழுவல், காரணம் அறியாமலே இவ்வுப்பையும் நீக்கிவந்தது.

பிரித்தானியப் படையிலே கொதிநீர் வழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை. முதல் உலகப் போர்க்கால வீரர்கள் புனல் வைத்துக் குழலினுட் கொதிநீர் ஊற்றினர். கொதிநீர் உப்பைக் கரைப்பதோடு, குழலைச் சூடாக்கித் தானே உலரவும் செய்யும். பின்னர் கயிற்றிற் கோத்த துணியை உள்ளே இழுத்துத் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசுவர். இக்கயிற்றினாலும் ஒரு தீங்கு நேர்ந்தது. கோணலாக இழுத்தால், மணல் பற்றிய கயிறு குழல்வாயின் ஓரத்தை அரம் போல அராவிவிடும். இதனால், சுடாமலே தேய்ந்த குழல்களும் உண்டு. நேராக இழு என்ற எளிய கட்டளை ஒரு துப்பாக்கியின் ஆயுளைக் காத்தது.

அறிந்த பாடத்தை மறப்பதும் மனித இயல்பே. குழலின் உட்புறத்திலே குரோமியம் பூசினால் அரிப்பும் துருவும் குறையும் என்பதை யப்பானியர் 1939ஆம் ஆண்டு றைபிளிலேயே காட்டியிருந்தனர். ஆயினும் அமெரிக்கர் வியற்னாம் போரில் வழங்கிய எம்-16 துப்பாக்கிகள் முதலில் அப்பூச்சின்றியே வந்தன. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டது. துப்பரவுக் கருவிகளும் போதியளவு வழங்கப்படவில்லை. ஈரம் மிக்க காட்டிலே தோட்டா தங்கும் அறை துருவேறி அரிபட்டது. வெற்றுத் தோட்டாக்கள் சிக்கிக்கொண்டன. சுட முடியாத துப்பாக்கியோடு இளைஞர்கள் மாண்டனர். 1967ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று இதனை விசாரித்தது. அதன்பின் அறைக்கும், பின்னர் குழல் முழுவதற்கும் குரோமியம் பூசப்பட்டது. துப்பரவுக் கருவியும் வழங்கப்பட்டது.

குழலின் ஆயுளை நீட்டும் முறைகள் அனைத்தும் சிலவற்றுள் அடங்கும்: குழல் ஆறுதற்கு இடைவெளி விட்டுச் சுடுதல், வெப்பங் குறைந்த மருந்தைத் தேர்தல், குளோரேற்று மூடி பயன்பட்டால் நீராற் கழுவுதல், கோணாது துடைத்தல், உலர்ந்தபின் எண்ணெயிடுதல். இவற்றுள் ஒன்றேனும் அரிய வித்தையன்று. அரிதாயிருந்தது காரணத்தை அறிதலே. கசட்டுக்கு அஞ்சியவர் நெருப்பை எண்ணவில்லை. நெருப்பை வென்றவர் உப்பைக் காணவில்லை. பளபளக்கும் குழலைத் தூய குழலென்று நம்பியதற்கு விலை கொடுத்தவர்கள், அதனை ஆக்கியவர்களும் அல்லர், வாங்கியவர்களும் அல்லர்; அதனைத் தோளிற் சுமந்து சென்றவர்களே.