வேலி காத்ததும் வேலி மேய்ந்ததும்

புரட்டாசி பிறந்துவிட்டால் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் காலிமனைக்கு அருகில் குடியிருப்போர்க்கு ஒரு கவலை தொடங்கிவிடும். சித்திரையில் ஒரு பீடித்துண்டுக்கே பற்றிக்கொள்ளும்படி காய்ந்து கிடந்த புல், நாலு மழைக்குள் இடுப்புயரம் எழுந்து நிற்கும். ஐப்பசி அடைமழையில் பொந்துகளில் நீர் புகுந்ததும் பாம்புகள் மேட்டைத் தேடி வரும். மேடு என்பது பெரும்பாலும் நம் வீட்டுப் படிக்கட்டுதான். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு நல்லபாம்பைத் தீயணைப்பு நிலையத்தார் வந்து பிடித்துச் சென்றனர். அன்றிரவு தெருவே கூடி நின்று கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் புதரை வெட்ட வேண்டியவர் யார்? அக்கேள்விக்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை உயர்ந்த சிவப்புச் சாயம் ஸ்பானியரின் கையில் இருந்தது. மெக்சிகோவில் கள்ளிச்செடிகளில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்தி அதனை எடுத்தனர். (சங்கப் பாடல்களில் நாம் காணும் மூதாய் வேறு, அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.) அந்த வணிகத்தில் பங்கு தேடிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, சென்னையின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வழியாகப் பூச்சியும் வந்தது. வந்ததோ தரமான சாயம் தரும் இனம் அன்று. வணிகம் தோற்றது. ஆனால் அந்தப் பூச்சி தென்னாட்டில் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்றே தீர்த்தது. ஒரு களையை மற்றோர் உயிரைக்கொண்டு அடக்கிய முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இன்று உலக அறிவியலார் அதனைக் குறிப்பிடுகின்றனர்.

தப்பியது இன்னொரு கள்ளி. நாம் சப்பாத்திக்கள்ளி என்பது. ஆடுமாடு நுழையா வேலியாக நட்டது, வேலியைத் தாண்டி வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியது. எலிக்கும் பாம்புக்கும் அதுவே கோட்டை. மனிதர் வெட்டிப் புதைத்தும் எரித்தும் மாளவில்லை. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு கொச்சினீல் இனத்தைக் கொணர்ந்து விட்டபிறகே, சில ஆண்டுகளுக்குள் அது அடங்கிற்று.

அதற்குள் அடுத்த வேலி வந்துவிட்டது. 1876இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் பெடோம் விறகுப் பஞ்சத்தைப் போக்க ஜமைக்காவிலிருந்து விதை வருவிக்கக் கோரினார். கடப்பைப் பகுதியில் நடவு தொடங்கியது. அதுவே சீமைக்கருவேலம். நம் பக்கத்து வழக்கில் அதன் பெயர் வேலிகாத்தான். அதே ஆண்டுகளில்தான் தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர் கால்வாய் வெட்டிக் கூலி பெற்றனர். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டப்பட்ட பழைய கால்வாயும் அடங்கிய அந்நீர்வழி, 1878இல் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. ஒரே பஞ்ச காலத்தின் கால்வாயும் முள்மரமும் இன்று எண்ணூர்க் கரையில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. நீரில் ஆகாயத்தாமரை, கரையில் வேலிகாத்தான்.

பொறுப்பின் வரலாறு வேறொரு வழியில் நடந்தது. ஏரிக்கரையைச் செப்பனிடுவதும் வாய்க்காலில் களை நீக்குவதும் ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து. 1858இன் சட்டம் அவ்வழக்கத்தைக் கட்டாய உழைப்பாக ஆக்கியது. 1920இன் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தீங்கான செடிகள் மண்டிய நிலத்தைத் துப்புரவாக்குமாறு உரியவருக்கு ஆணையிடும் அதிகாரத்தை நகராட்சிக்குத் தந்தது. ஊர்க்கடமை அரசாணையாயிற்று, அரசாணை அறிவிப்புக் கடிதமாயிற்று. 2011இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியில் இணைந்தன. மனைக்காரர் வேறூரில் இருக்கிறார். புதர் நம் தெருவில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பச்சையாக நிற்பதெல்லாம் களை அன்று. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற ஆணையிட்டது. 2022இல் அரசு அயல் தாவரங்களுக்கெனக் கொள்கை வகுத்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் எண்ணூர்க் கழிமுகத்துக் கண்டல், அறியாதவர் கண்ணுக்குப் புதராகவே தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அக்கண்டல்களின் வேர்களில் கரிய பட்டையாக ஒட்டி நின்றதைப் பார்த்தோம். மீனுக்கும் இறாலுக்கும் தொட்டிலாக இருப்பவை அவை. எதை வெட்டுவது, எதை விடுவது என்று அறியாத அரிவாளும் ஆபத்தானதே.

2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. கடித்தபின் கணக்கு வந்துவிட்டது. கடிக்குமுன் செய்யவேண்டியது நம்மிடம் இருக்கிறது. எங்கள் தெருவார் இப்போது ஆவணியிலேயே வீட்டுக்கு இவ்வளவென்று போட்டு ஆள்வைத்துப் புல் அறுக்கின்றனர். அறுத்ததைக் கொளுத்துவதில்லை, குவித்தும் வைப்பதில்லை, குவியலே பாம்புக்கு வீடாகும் என்பதால். மனைக்காரருக்குக் கடிதமும் போகிறது. பதில் வரவில்லை. கூலி கொடுத்த கணக்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். குடிமராமத்து என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் அதுதான் இது.