கொல்லிமலைக்கு 2 நாள் டூரா? டென்ட்டில் தங்கும் முன்பு, ஆயிரம் படி இறங்கும் முன்பு இதை படிங்க!

சனி, ஞாயிறு வந்தாலே களைகட்டும் இடங்களில் ஒன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு கையை கடிக்காது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், திருச்சி பக்கம் இருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் மலையில் இருக்கலாம்.

முன்பெல்லாம் காலையில் போய் சாமி கும்பிட்டு, அருவியில் குளித்துவிட்டு சாயங்காலமே இறங்கிவிடுவார்கள். இப்போது ஒரு ராத்திரி தங்கி வருவது வழக்கமாகிவிட்டது. அதிலும் இளசுகள் தேடுவது 'கிளாம்பிங்' எனப்படும் சொகுசு டென்ட். கட்டில், மெத்தை, லைட், பக்கத்திலேயே பாத்ரூம் என்று லாட்ஜ் ரூம் வசதி எல்லாம் துணி கூடாரத்துக்குள் இருக்கும். ராத்திரி ஆனால் வெளியே 'கேம்ப் பயர்', பக்கத்தில் சிக்கன் வறுவல்.

கொஞ்சம் யோசித்து போனால் இந்த 2 நாள் ரொம்ப காலத்துக்கு மறக்காது. அலட்சியமாக போனால் ஆஸ்பத்திரி செலவில் போய் முடியும். சில சமயம் உயிருக்கே ஆபத்து.

70 கொண்டை ஊசி வளைவு

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக போனால் மலை அடிவாரமான காரவள்ளி வரும். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மலையின் முக்கிய ஊர் செம்மேடு. பஸ் வசதி, கடை, ஓட்டல் எல்லாம் இங்கு உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரியின் சிலையும் இங்குதான் இருக்கிறது. நாமக்கல், சேலத்தில் இருந்து பஸ் உண்டு. பஸ்சில் போகிறவர்கள் கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பைக்கில் போகும் இளைஞர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்க பார்த்தால் பிரேக் சூடாகி பிடிக்காமல் போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் முழு பாரமும் பிரேக் மேலேயே விழும். அதனால் நடுவில் 2, 3 இடத்தில் நிறுத்தி பிரேக் ஆறிய பிறகு இறங்க வேண்டும். எதிரே மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். பெட்ரோலை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

ஆகாய கங்கை

கொல்லிமலைக்கு கூட்டம் வருவதற்கு முக்கிய காரணம் ஆகாய கங்கை அருவி. அறப்பளீஸ்வரர் கோவிலை ஒட்டி ஓடும் அய்யாறு, கோவிலை தாண்டியதும் சுமார் 300 அடி உயரத்தில் இருந்து பள்ளத்தாக்கில் கொட்டுகிறது. அப்புறம் அந்த தண்ணீர் காட்டுக்குள் ஓடி திருச்சி மாவட்டம் புளியஞ்சோலையில் தரையை தொடுகிறது.

அருவிக்கு போக கோவில் பக்கம் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பல இடங்களில் படி செங்குத்தாக இருக்கும். சுருக்கமா சொன்னா, இறங்கும்போது ஜாலி, ஏறும்போது காலி.

ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் படி என்பது 50 மாடி. குளித்து களைத்து, பசியோடு, ஈர துணியோடு இந்த 50 மாடியை ஏற வேண்டும். மலைக்கோவில் படி ஏறுகிறவர்கள் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டு, களைத்த பிறகு இறங்குவார்கள். இங்கே எல்லாமே தலைகீழ். பாதி வழியில் முடியவில்லை என்றால் கார், ஆட்டோ எதுவும் வராது. தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

எனவே இதய நோய், ஆஸ்துமா, கடுமையான மூட்டு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இறங்காமல் கோவிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 'அவ்வளவு தூரம் வந்துட்டு பார்க்காம போறதா' என்று பெரியவர்களை யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. சுகர் மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இறங்கக்கூடாது. கையில் மிட்டாய் அல்லது பிஸ்கெட் இருக்க வேண்டும்.

குழந்தையோடு போகிறவர்கள், ஏறும்போது அதை தூக்க வேண்டி வரும் என்பதை கணக்கில் வைத்து இறங்க வேண்டும். ரப்பர் செருப்பு வழுக்கும். பின்னால் பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ போட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் அவசியம். தின்பண்டத்தை கையில் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிவிடும். பைக்குள் வைப்பது நல்லது.

காலையில் முதல் ஆளாக இறங்கிவிட்டால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். மதியத்துக்கு மேல் போனால் இறங்க அனுமதி கிடைக்காமல் திரும்ப வேண்டி வரலாம். மலையில் சீக்கிரமே இருட்டிவிடும்.

தண்ணீர் கலங்கினால் ஓடுங்க

அருவிக்கு கீழே நிற்கும்போது தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். ஆனால் மலை மேல் வேறொரு ஊரில் மழை கொட்டியிருக்கலாம். அந்த தண்ணீர் ஆற்றில் சேர்ந்து சில நிமிடத்தில் அருவியில் பாயும். இதுதான் திடீர் வெள்ளம்.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் இப்படித்தான் நடந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்து செல்லப்பட்டு இறந்தான்.

வெள்ளம் வரும் முன் அருவியே எச்சரிக்கும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறும். இலை, சருகு, குச்சி அடித்துக்கொண்டு வரும். இரைச்சல் கூடும். இதில் ஒன்றை கண்டாலும் துணி, செல்போனை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பாறை மேல் நின்று செல்பி எடுப்பதும், குடித்துவிட்டு குளிப்பதும் ஆபத்து.

தண்ணீர் அதிகம் வரும் நாட்களில் வனத்துறை குளிக்க தடை விதிக்கும். கிளம்பும் முன்பே டென்ட்காரரிடம் போனில் விசாரித்தால் வீண் அலைச்சல் இல்லை. மழை காலம் முடிந்தவுடன் அருவி பார்க்க அழகாக இருக்கும். கோடையில் தண்ணீர் குறைந்துவிடும். ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் கால் வைக்க இடம் இருக்காது. அவ்வளவு படி இறங்க முடியாதவர்களுக்கு மாசிலா அருவி, நம்ம அருவி இருக்கின்றன.

டென்ட் புக் செய்யும் முன்பு

போட்டோவை பார்த்து மயங்கி முழு பணத்தையும் போனில் அனுப்பிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. போன் போட்டு இதையெல்லாம் கேட்க வேண்டும்: சொல்லும் ரேட் ஒரு ஆளுக்கா, ஒரு டென்ட்டுக்கா? சாப்பாடு சேர்த்தா? பாத்ரூம் தனியா, பொதுவா? மழை பெய்தால் மாறி தங்க கட்டிட ரூம் இருக்கிறதா? வர முடியாவிட்டால் முன்பணம் திரும்ப கிடைக்குமா? முக்கியமாக, சுற்றுலா துறையில் பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்கிறார்களா?

அனுமதி என்பது வெறும் காகிதம் என்று நினைக்கக்கூடாது. 2021 ஜனவரியில் கேரள மாநிலம் வயநாடு மேப்பாடியில் காட்டை ஒட்டி டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கி கொன்றது. அதற்கு பிறகுதான் அங்கே அனுமதி இல்லாத டென்ட்டுகள் மீது நடவடிக்கை பாய்ந்தது. ஓடை கரை, சரிவுக்கு நேர் கீழே, பட்டுப்போன மரத்தடி ஆகிய இடங்களில் டென்ட் போட்டிருந்தால் தங்க வேண்டாம். ராத்திரி டென்ட் ஜிப்பை முழுக்க மூடி வைக்க வேண்டும். காலையில் ஷூவை உதறிவிட்டு போட வேண்டும். உள்ளே பாம்பு, தேள் இருக்கலாம்.

உள்ளே அடுப்பு வேண்டாம்

குளிர் தாங்காமல் கரி அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு தூங்குவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே மயக்கம் வந்து உயிர் போய்விடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள் வைத்துவிட்டு தூங்கிய 2 பேர் இப்படித்தான் இறந்தனர். அடுப்பு அணைந்த மாதிரி தெரிந்தாலும் வெளியேதான் இருக்க வேண்டும். குளிருக்கு கூடுதலாக ஒரு கம்பளி போதும்.

கேம்ப் பயரை தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே படுக்க வேண்டும். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் காடே பற்றிக்கொள்ளும்.

காட்டு வழியில் மலையேற்றமா?

புளியஞ்சோலையில் இருந்து காடு வழியாக ஆகாய கங்கைக்கு நடக்கலாம் என்று சிலர் கூட்டிக்கொண்டு போவார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைந்தால் வழக்கு பாயும். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை தமிழ்நாடு மறக்கவில்லை. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு தனி விதிகள் வந்தன. மலையேற ஆசை உள்ளவர்களுக்காக 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் முன்பதிவு செய்யும் வசதியை கொண்டு வந்தது. அதில் வழிகாட்டியும் உடன் வருவார்.

என்ன சாப்பிடலாம், வாங்கலாம்?

கொல்லிமலையில் பேமஸ் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். ஆட்டுக்கால் போல ரோமத்தோடு இருக்கும் கிழங்கை மிளகு, சீரகம் போட்டு கொதிக்க வைத்து தருவார்கள். படி ஏறி வந்ததும் சூடாக குடித்தால் இதமாக இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்பார்கள். அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. மிளகு, காபி, வாழைப்பழம், அன்னாசி, சீசனில் பலாப்பழம் ஆகியவற்றை மலைவாழ் மக்களிடமே வாங்கலாம். சோளக்காடு சந்தை இதற்கு பெயர் போனது.

மலையில் பல இடங்களில் செல்போன் டவர் கிடைக்காது. தங்கும் இடத்தின் பெயர், போன் நம்பரை வீட்டில் சொல்லிவிட்டு கிளம்ப வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கம், டார்ச் லைட், தினமும் போடும் மாத்திரை கட்டாயம். அவசரம் என்றால் 108 ஆம்புலன்சை கூப்பிடலாம். கொண்டு போன பிளாஸ்டிக் பாட்டில், கவரை திரும்ப கொண்டு வந்துவிட வேண்டும். அய்யாற்றில் வீசினால் அது நேராக புளியஞ்சோலைக்காரர்கள் தண்ணீரில்தான் போய் சேரும்.